‘கூடும்’ என்னும் சொல்லின் எடை



நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரு மொழி மன்றம் ஏற்ற இடந்தானா என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கலாம். படைக்கலங்களைப் பற்றியும் வல்லரசுகளின் போட்டியைப் பற்றியும் பேச அத்துறை வல்லுநர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குரிய மேடைகளும் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது அதனினும் சிறிய பொருள். கடலில் வரும் கப்பலைக் கண்ணால் காண்பவர், படையை நகர்த்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வதில்லை. முடிவு செய்பவர் அந்தக் கப்பலைக் காண்பதில்லை. முன்னவரிடமிருந்து பின்னவருக்குச் சென்று சேர்வன சில வாக்கியங்கள் மட்டுமே. அவற்றில் உறுதி எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்பது சிதையாமல் போய்ச் சேர்கிறதா? ஆயிரக்கணக்கானோரின் உயிர் சில வேளைகளில் இக்கேள்வியைச் சார்ந்தே இருந்திருக்கிறது. ஆதலால் இது மொழி ஆசிரியர்களுக்கும் உரிய பொருள் என்று கருதுகிறேன்.

ஒற்று, வேவு, உளவு என்று இத்தொழிலைக் குறிக்க நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் இச்சொற்கள் யாவும் மறைந்திருந்து பார்ப்பவரையும் கேட்பவரையுமே நம் மனக்கண்முன் நிறுத்துகின்றன. அவர் கொண்டுவந்ததை மேசையில் பரப்பி, பழைய செய்திகளோடு ஒப்பிட்டு, எதிரி அடுத்து என்ன செய்வான் என்று கணித்து, அதை ஆட்சியாளருக்கு எழுதி அனுப்பும் பணி ஒன்று உண்டு. கதைகளும் திரைப்படங்களும் கண்டுகொள்ளாத பணி அது. அதை ‘மதிப்பீடு’ என்ற எளிய சொல்லால் இன்று குறிக்கிறேன்.

மதிப்பீட்டின் முதல் இடர், அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை என்ன பெயரிட்டு அழைப்பது என்பது. இதைப் பற்றித் தொல்காப்பியச் சொல்லதிகாரம், அதன் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே பேசுகிறது. மங்கிய ஒளியில் தொலைவில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையோ மனிதனோ தெரியவில்லை. உயர்திணையாகச் சொன்னாலும் பிழையாகலாம். அஃறிணையாகச் சொன்னாலும் பிழையாகலாம். அந்நிலையில் இரண்டுக்கும் பொதுவான ‘உரு’ என்னும் சொல்லால் சுட்டலாம் என்பது இலக்கணம். கட்டையையும் மனிதனையும் எடுத்துக்காட்டாகத் தருபவர்கள் உரையாசிரியர்கள். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதே என்ற கட்டுப்பாட்டை நம் இலக்கணிகள் திணை மரபின் பகுதியாகவே வைத்துவிட்டார்கள். தேர்வுக்காக மட்டும் இந்நூற்பாக்களைப் படிக்கும் மாணவர்கள் இப்பயனையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நாம் வாழும் இம்மண்ணில் நிகழ்ந்த ஒன்றுக்கு வருகிறேன்.

1941ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்கும் பொறுப்பிலிருந்த பிரிட்டிஷ் தலைமைக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1937ஆம் ஆண்டிலேயே மலாயாப் படைத்தலைவர் வில்லியம் டாபியும், அவரிடம் தலைமைப் பணி அதிகாரியாக இருந்த ஆர்தர் பெர்சிவலும் இதை ஆராய்ந்திருந்தனர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையில் எவரும் படையிறக்க முடியாது என்பது அந்நாளைய நம்பிக்கை. இறக்க முடியும் என்றும், மழையும் மேகமும் வேவு விமானங்களின் கண்ணை மறைப்பதால் எதிரிக்கு அது வசதியாகவே அமையும் என்றும் அவர்கள் கண்டனர். தாய்லாந்தின் தென்பகுதியில் இறங்கி மலாயாவுக்குள் நுழையும் வழியும் அவர்கள் எண்ணத்தில் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ அப்படியே நடந்தது. அப்போது படைத்தலைவராக இருந்தவர் அதே பெர்சிவல்.

எதிர்பார்த்த தாக்குதலை முந்திக்கொள்ள ஒரு திட்டமும் இருந்தது. ‘மேடடோர்’ என்பது அதன் பெயர். ஜப்பானியர் இறங்குவதற்கு முன்பே பிரிட்டிஷ் படை தாய்லாந்து எல்லையைக் கடந்து சிங்கோராவையும் பத்தானியையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஏறத்தாழ 24 மணி நேர முன்னிலையாவது தேவை. ஆனால் தாய்லாந்து நடுநிலை நாடு. முதலில் எல்லை மீறியவர் பிரிட்டிஷார் என்ற பழி வரக்கூடாது என்பதில் லண்டன் மிகுந்த கவனம் கொண்டிருந்தது. டிசம்பர் 5ஆம் தேதிதான் தூரக் கிழக்குத் தலைமைத் தளபதி ராபர்ட் புரூக்-பாப்ஹமுக்கு, லண்டனைக் கேளாமலே திட்டத்தைத் தொடங்கும் அதிகாரம் வந்தது. அதற்கும் நிபந்தனை உண்டு. ஜப்பானியப் படை கிரா பூசந்தியில் இறங்கும் நோக்கத்துடன் வருவதாகத் தோன்ற வேண்டும். அதற்கு நல்ல தகவல் கையில் இருக்க வேண்டும். அல்லது ஜப்பானியர் தாய்லாந்தின் வேறு பகுதிக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

அந்த ஆணையின் சொற்களைச் சற்று நிறுத்திப் பாருங்கள். ‘நல்ல தகவல்’ என்றால் எவ்வளவு நல்லது? நோக்கத்தைக் குறிக்க அவர்கள் ஆண்ட ஆங்கில அடைமொழிக்கு இரு பொருள் உண்டு. ஐயத்திற்கிடமின்றி வெளிப்படையானது என்பது ஒன்று. மேற்பார்வைக்கு அவ்வாறு தோன்றுவது என்பது மற்றொன்று. முதற்பொருளைக் கொண்டால் காத்திருக்க வேண்டும். இரண்டாம் பொருளைக் கொண்டால் உடனே புறப்படலாம். ஒரு பேரரசின் படை நகர்வு இப்படிப்பட்ட சொற்களின்மேல் வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள், 6ஆம் தேதி நண்பகலை ஒட்டி, கோத்தா பாருவிலிருந்து சென்ற ஆஸ்திரேலிய வேவு விமானம் தென்சீனக் கடலில் ஜப்பானியக் கப்பல் தொகுதியைக் கண்டது. இருபதுக்கும் மேற்பட்ட போக்குவரத்துக் கப்பல்கள், துணைக்குப் போர்க்கப்பல்கள், மேற்கு நோக்கிய பயணம். செய்தி சிங்கப்பூருக்கு வந்தது. நம் தருக்க நூலார், அறியும் வழிகளை அளவை என்பர். மணிமேகலையின் 27ஆம் காதை அதைப் பத்தாக விரிக்கும். சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்கும். அன்று மாலை புரூக்-பாப்ஹமின் மேசையில் இம்மூன்றும் கிடந்தன. கப்பல்கள் மேற்கே வருகின்றன என்பது காண்டல். அவை எங்கே போகின்றன என்பது கருதல். சிங்கோராவுக்குச் செல்லலாம், பாங்காக்கிற்குச் செல்லலாம், இந்தோசீனாவின் முனையைச் சுற்றிச் சென்று அதன் மேற்குக் கரையில் நங்கூரமிடவும் செய்யலாம். மூன்றாவதான உரை, பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதர் ஜோசயா கிராஸ்பியின் குரல். ஜப்பான் முதல் அடி வைக்காதவரை தாய்லாந்து மண்ணில் கால் வைக்கவே கூடாது என்று அவர் மன்றாடித் தந்தி அனுப்பினார்.

புரூக்-பாப்ஹம் படையைத் தயார் நிலையில் நிறுத்தினார், புறப்படச் சொல்லவில்லை. தம்மை எல்லை மீறத் தூண்டுவதற்காகவே ஜப்பானியர் கப்பல்களைக் காட்டுகிறார்களோ என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. மேலும் தகவல் வரட்டும் என்று காத்தார். வானிலை கெட்டது. தேடச் சென்ற கேட்டலினா விமானம் திரும்பவில்லை. ஜப்பானிய விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தியிருந்தன. 8ஆம் தேதி நள்ளிரவு கடந்து ஒரு மணி நேரத்திற்குள் கோத்தா பாருக் கடற்கரையில் ஜப்பானியர் இறங்கத் தொடங்கினர். பேர்ல் துறைமுகத்தின்மேல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்திற்கும் மேல் இருந்தது. சிங்கோராவிலும் பத்தானியிலும் அவர்களே முதலில் கால் பதித்தார்கள்.

புரூக்-பாப்ஹமைக் கோழை என்றோ மந்தபுத்தி என்றோ ஏசும் எழுத்துகளை நான் படித்திருக்கிறேன். எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. அவர் கையிலிருந்த தகவல் மூன்று முடிவுகளுக்கும் இடம் தந்தது. புறப்பட்டிருந்தால் மேடடோர் வென்றிருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. நான் சுட்ட விரும்புவது வேறு. கெடா எல்லையில் காத்திருந்த 11ஆம் இந்தியப் பிரிவுக்கு இரண்டு வேலைகள் தரப்பட்டிருந்தன. ஆணை வந்தால் தாய்லாந்துக்குள் பாய வேண்டும். வராவிட்டால் ஜித்ராவில் நின்று தடுக்க வேண்டும். பாய்வதற்குத் தயாராக மழையில் நின்றதால், தடுப்பதற்குரிய பதுங்குகுழிகளும் கம்பி வேலிகளும் முற்றுப்பெறவில்லை. திட்டம் கைவிடப்பட்ட செய்தி 8ஆம் தேதி பிற்பகலில்தான் அவர்களை எட்டியது. நீர் தேங்கிய குழிகளுக்கு அவர்கள் விரைந்து திரும்பினர். 11, 12ஆம் தேதிகளில் ஜித்ரா வீழ்ந்தது. முடிவைத் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவே. அதற்குரிய விலையை எல்லையில் நின்றவர்கள் செலுத்தினார்கள். ‘இன்னும் தகவல் வரட்டும்’ என்று எழுதும்போது, வரும்வரை என்ன இழப்போம் என்பதையும் உடன் எழுதுவது மதிப்பீட்டாளர் கடமை. அன்று அதை யாரும் தெளிவாக எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சிங்கப்பூரில் நடந்தது இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. ஜப்பானியர் தீவின் வடகிழக்கில் இறங்குவர் என்பது பெர்சிவலின் கணிப்பு. புதிதாக வந்த 18ஆம் பிரிவை அங்கே நிறுத்தினார். ஜப்பானியத் தளபதி தொமொயுகி யமாஷித்தா அந்தக் கணிப்பை வளர்த்துவிட்டார்: பிப்ரவரி 7ஆம் தேதி புலாவ் உபினைப் பிடித்து வடகிழக்கே ஆரவாரம் காட்டினார். அதற்குள் ஜொகூர் நீரிணையைக் கடந்து போய்த் திரும்பிய ஆஸ்திரேலிய வேவுக் குழுவினர், எதிர்க்கரையில் வடமேற்கே படை திரண்டிருப்பதைக் கண்டு சொல்லியிருந்தனர். அச்செய்தி தலைமையகத்தைச் சேரத் தாமதமாயிற்று. 8ஆம் தேதி இரவு சரிம்பூன் பகுதியில் ஜப்பானியர் கரையேறினர்.

ஆனால் அறியாமை ஒரு பக்கம் மட்டும் இருந்ததாக எண்ண வேண்டாம். தீவில் ஏறத்தாழ 85,000 படையினர் இருந்தனர். ஜப்பானிய உளவோ சுமார் 30,000 பேர் என்று கணித்திருந்தது. யமாஷித்தாவிடம் இருந்தவர்களும் சுமார் 30,000 பேரே. வெடிமருந்தும் தீரும் நிலை. உண்மையான எண்ணிக்கை தெரிந்திருந்தால் அவர் அத்துணைத் துணிவாகப் பாய்ந்திருப்பாரா? தம் தாக்குதல் ஒரு வெற்று மிரட்டலே என்றும், தெருச் சண்டை நீண்டிருந்தால் தோற்றிருப்போம் என்றும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். எதிரியின் படை உண்மையில் இருந்ததைவிடப் பெரியது என்று பெர்சிவல் நம்பினார். பிப்ரவரி 15ஆம் தேதி புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையில் எதிரெதிரே அமர்ந்த இருவரும், மற்றவர் நிலையைத் தவறாகவே அறிந்திருந்தனர். தவறான மதிப்பீடு யமாஷித்தாவுக்கு வெற்றியைத் தந்தது. ஆகவே, வென்றதாலேயே ஒரு முடிவு நல்ல முடிவு என்றும், தோற்றதாலேயே அது மடமை என்றும் வரலாற்று வகுப்பில் சொல்லித் தருவது முறையன்று. முடிவெடுத்த பொழுதில் கையில் என்ன இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

போருக்குப் பின், இந்த ‘எவ்வளவு உறுதி’ என்ற கேள்வியை மொழிச் சிக்கலாகவே கண்டவர் ஷெர்மன் கென்ட் என்னும் அமெரிக்கர். யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியராக இருந்து, பின்னர் சிஐஏவின் தேசிய மதிப்பீட்டு அலுவலகத்தில் பணியாற்றியவர். 1951ஆம் ஆண்டு மார்ச்சில் அவ்வலுவலகம் யூகோஸ்லாவியாவைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தது. சோவியத் சார்பு நாடுகள் அவ்வாண்டில் அதன்மேல் படையெடுப்பதைக் ‘கருத்தில் கொள்ளவேண்டிய வாய்ப்பு’ என்ற கருத்தமைய அதில் எழுதியிருந்தார்கள். வெளியுறவு அமைச்சின் அதிகாரி ஒருவர், பேச்சோடு பேச்சாக, இதற்கு என்ன பொருள் என்று கென்டைக் கேட்டார். நூற்றுக்கு 65 என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டார், அவரும் அவருடன் படித்தவர்களும் அதைவிட மிகக் குறைவாக எண்ணியிருந்தனர். கலங்கிய கென்ட், அந்த வாக்கியத்தைக் கூடி எழுதிய தம் குழுவினரையே ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் மனத்தில் நூற்றுக்கு 20. இன்னொருவர் மனத்தில் 80. மற்றவர்கள் இடையில் எங்கெங்கோ நின்றனர். ஒரே வாக்கியத்தில் அனைவரும் கையொப்பமிட்டிருந்தார்கள். கருத்தில் ஒருவரும் ஒன்றுபட்டிருக்கவில்லை.

அதன்பின் கென்ட் ஓர் அளவுகோலை வகுத்தார். ‘பெரும்பாலும் உறுதி’ என்றால் நூற்றுக்கு 93ஐ ஒட்டி. ‘நடக்கக்கூடியது’ என்றால் 75ஐ ஒட்டி. ‘சரிபாதி’ என்றால் 50ஐ ஒட்டி. அதற்குக் கீழே இரண்டு படிகள். அலுவலகத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களைக் ‘கவிஞர்கள்’ என்றும், தம் பக்கத்தவரைக் ‘கணிதர்கள்’ என்றும் அவர் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். கவிஞர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மனித மனத்தின் ஐயத்தை எண்ணால் அளப்பது போலித் துல்லியம் என்றனர். கென்ட் 1964இல் இதைக் கட்டுரையாக எழுதியபோதும் கவிஞர்களே வென்றிருந்தனர். அவருடைய அளவுகோலை முழுமையாக எவரும் ஏற்கவில்லை. பல்லாண்டுகள் கழித்தே பிரிட்டனும் அமெரிக்காவும் அதுபோன்ற அட்டவணைகளைத் தம் மதிப்பீட்டாளர்களுக்கு விதித்தன.

கவிஞர்கள் வென்றதன் விலைக்கு ஒரு சான்று சொல்லிக் கடந்து செல்கிறேன். 1961இல் கியூபாவின் பன்றி விரிகுடாவில் நாடு கடந்தோர் படையை இறக்கும் திட்டத்தை அமெரிக்க முப்படைத் தளபதிகள் ஆய்ந்து, வெற்றிக்கு ‘ஓரளவு நல்ல வாய்ப்பு’ என்று கென்னடிக்கு எழுதினர். எழுதிய படை அதிகாரி பின்னாளில் தந்த விளக்கம், பத்தில் மூன்று என்பதே. படித்தவர்கள் அதை ஊக்கமூட்டும் சொல்லாக எடுத்துக்கொண்டனர். அறிக்கையில் எண்ணைப் போட்டிருந்தால் கென்னடி திட்டத்தை நிறுத்தியிருப்பாரா என்பது வேறு கேள்வி. குறைந்தது, எதன்மேல் முடிவெடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நம் மொழியில் இதன் நிலை என்ன? ‘வரலாம்’, ‘வரக்கூடும்’, ‘வருவான் போலும்’, ‘ஒருவேளை வருவான்’, ‘பெரும்பாலும் வருவான்’, ‘வராமலிரான்’ என்று படிகள் பல. ‘வரலாம்’ என்பது இசைவையும் குறிக்கும், வாய்ப்பையும் குறிக்கும் என்ற சிக்கல் வேறு. ஆனால் தமிழுக்கு ஒரு தனி வசதியும் உண்டு. ‘கப்பல் வருகிறது’ என்பதற்கும் ‘கப்பல் வருகிறதாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். பின்னதில் பேசுபவர் கண்டது ஒன்றுமில்லை, கேட்டதே உள்ளது. ‘போலும்’ என்றால் கண்டதிலிருந்து உய்த்துணர்ந்தார். காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளையும் வினைமுற்றின் வாலிலேயே காட்டிவிட முடிகிறது. இதே வேலையைச் செய்ய, உலக உளவு நிறுவனங்கள் அறிக்கையின் ஓரத்தில் தரக் குறியீடு இடுகின்றன.

இவ்வளவு பயனுள்ள ‘ஆம்’ என்னும் ஓரசை, எழுத்துத் தமிழில் நுழைந்ததும் காணாமல் போகிறது. அது பேச்சுவழக்கு, கட்டுரைக்கு ஆகாது என்று நாமே மாணவர்களின் ஏட்டில் அடித்துவிடுகிறோம். ‘என்று கூறப்படுகிறது’ என்று மாற்றச் சொல்கிறோம். யாரால் கூறப்படுகிறது என்று கேட்பதில்லை. இன்னொருவர் சுருக்கும்போது ‘கூறப்படுகிறது’ என்பதும் உதிர்ந்து, செய்தி வெறும் ‘வருகிறது’ ஆகிறது.

அந்த உதிர்வு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஈராக் போர் சான்று. 2002 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஆவணம், ஈராக் தன் பேரழிவு ஆயுதங்கள் சிலவற்றை 45 நிமிடங்களுக்குள் பயன்படுத்த ஆயத்தமாக்க முடியும் என்றது. மூல உளவுக் குறிப்பு எவ்வகை ஆயுதத்தைச் சொன்னது, அச்செய்தி எவ்வளவு வலுவானது என்ற வரம்புகள் பொதுமக்கள் கைக்கு வந்த ஆவணத்தில் இல்லை. தொலைதூர ஏவுகணை என்றே நாளேடுகள் தலைப்பிட்டன. உள்ளே பேசப்பட்டது போர்க்களக் குண்டுகளைப் பற்றியதாகவே கருதப்பட்டது. 2004 ஜூலையில் வெளிவந்த பட்லர் அறிக்கை, மதிப்பீட்டிலிருந்த எச்சரிக்கைச் சொற்கள் ஆவணத்தில் தெளிவாக்கப்படவில்லை என்று குறை கண்டது. பொய் எழுதினார்கள் என்று அவ்வறிக்கை சொல்லவில்லை. எனக்கு அதுவே அதிகம் அச்சம் தருகிறது. ஒருவரும் பொய் சொல்லாமலே ஐயம் உறுதியாகிவிட்டது.

இந்த இடத்தில் வள்ளுவரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார். மூவர் சொல் ஒத்தால் தெளியலாம் என்கிறார். மேடைகளில் இந்த ‘மூவர்’ அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதே குறளின் முற்பகுதியை நாம் விட்டுவிடுகிறோம்: ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்பது அங்கே முன்நிபந்தனை. மூவர் ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. மூவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டிராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு கிணற்றில் இறைத்த நீரை மூன்று குடங்களில் ஊற்றி, மூன்று கிணறு என்று எண்ணக்கூடாது.

ஈராக்கில் அந்நிபந்தனைதான் தவறியது. நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றி 2003 பிப்ரவரி 5ஆம் தேதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில் காலின் பாவல் பேசினார். பல சான்றுகள் ஒத்திருப்பதாக உலகம் புரிந்துகொண்டது. அந்த மதிப்பீடு ஏறத்தாழ முழுவதும், ஜெர்மானிய உளவுத்துறையிடம் பேசிய, ‘கர்வ்பால்’ என்ற மறைபெயர் கொண்ட ஒரே ஈராக்கியரின் சொல்லைச் சார்ந்திருந்தது என்று 2005இல் அமெரிக்க அதிபர் அமைத்த ஆணையம் கண்டது. அவர் சொன்னது புனைவு. துணைச் சான்று தந்த இன்னொருவர் நம்பத்தகாதவர் என்று முன்பே குறிக்கப்பட்டிருந்தார். அக்குறிப்பு உரிய மேசையை அடையவில்லை.

நிபந்தனை நிறைவேறிய நிகழ்ச்சிகள் கதையாவதில்லை. ஏனெனில் அங்கே ஒன்றும் வெடிப்பதில்லை. 2001 செப்டம்பருக்குப் பின் சிங்கப்பூரில் பொதுமக்கள் தரப்பிலிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு வந்த தகவல் ஒன்று, ஜெமா இஸ்லாமியா வலையமைப்பைக் கண்காணிக்க வழிவகுத்தது. டிசம்பரில் கைதுகள் நடந்தன. ஆப்கானிஸ்தானில் கைப்பற்றப்பட்ட ஒளிப்பதிவு ஒன்றில் ஈசூன் ரயில் நிலையத்தின் காட்சிகள் இருந்தன. அண்டை வீட்டுக்காரர் அளவில் கிடைத்த செய்தியும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிடைத்த பதிவும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டு கிணறுகள் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

எண்களைப் பயன்படுத்தினால் ஐயம் தீர்ந்துவிடுமா என்றும் கேட்கலாம். தீராது. 2011இல் அபோத்தாபாத் வீட்டில் இருப்பவர் பின்லாடன்தானா என்பது பற்றி ஒபாமாவின் ஆலோசகர்கள் தந்த எண்கள் நூற்றுக்கு 40 முதல் 95 வரை விரிந்தன. ஒரே தகவலைப் படித்தவர்கள்தாம் அவர்கள். இறுதியில், தமக்கு இது பாதிக்குப் பாதி என்று அதிபர் எடுத்துக்கொண்டார், வீரர்களை அனுப்பினார். எண்கள் அங்கே செய்த உதவி சிறியது: மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பது முடிவுக்கு முன்னரே வெளிப்பட்டது. யூகோஸ்லாவிய அறிக்கையில் அது முடிவுக்குப் பின்னரே வெளிப்பட்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் நிறுத்துகிறேன். கென்ட் தம் குழுவிடம் செய்ததை வகுப்பறையில் செய்யப் பாடநூல் எதுவும் தேவையில்லை. ‘நாளை மழை வரலாம்’, ‘நாளை மழை வரக்கூடும்’, ‘நாளை மழை வரும் போலும்’, ‘நாளை பெரும்பாலும் மழை வரும்’, ‘நாளை மழை வருமாம்’ என்று ஐந்து வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று மாணவர்கள் தனித்தனியே, ஒருவர் ஏட்டை ஒருவர் பாராமல், எழுதட்டும். பிறகு எல்லா எண்களையும் பலகையில் இடுங்கள். ஐந்தாவது வாக்கியத்துக்கு எண் தர மறுத்து, ‘யார் சொன்னது?’ என்று கேட்கும் மாணவர் உங்கள் வகுப்பில் ஒருவராவது இருப்பார். அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் இருக்கைகளில் சிறு தாள் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ‘கூடும்’ என்ற சொல்லுக்கு நேரே ஓர் எண்ணை எழுதி, கேள்வி நேரம் தொடங்குமுன் அவைத் தலைவரிடம் சேர்ப்பித்தால் நன்று. பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்க வேண்டாம்.